மவுசா, மதிப்பா? வன்னியில் காசு சேர்க்கிறவர்களுக்கு ஐந்து வழிகள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காசு சேர்க்கத் தொடங்குகிற இளம் ஆட்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வரும். லண்டனில் இருக்கிற சித்தப்பா கொண்டுவந்து தந்த 50 பென்ஸ் காசுகள் கொஞ்சம் இருக்கின்றன. அம்மம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் விக்டோரியா தலை போட்ட சதங்கள் கிடக்கின்றன. மாதம் ஐயாயிரம் ரூபா ஒதுக்கலாம். முகநூலில் ஒருவர் மாவட்டக் காசு முழுத்தொகுதி விற்கிறார், வாங்கவா? இல்லாவிட்டால் பேசாமல் அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு பவுண் காசு வாங்கி வைக்கவா?

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இன்றைக்கு எல்லோரும் தேடுகிற காசு எது என்பது ஒன்று. இன்னும் முப்பது வருஷம் போன பிறகும் ஒருவர் தன் கைப்பணத்தைக் கொடுத்து வாங்கப்போகிற காசு எது என்பது மற்றது. முதலாவது மவுசு, இரண்டாவது மதிப்பு. இரண்டும் ஒரே காசில் அமைவது உண்டு, ஆனால் அது எப்போதாவதுதான்.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதற்கு நல்ல சாட்சி. 1950 இல் டென்வர் நாணயசாலையில் அடித்த 5 சத நிக்கல் காசு மொத்தமே 26 இலட்சத்து 30 ஆயிரம்தான். அந்த நாட்டுக்கு அது மிகக் குறைவு. செய்தி பரவியதும் சனம் உருளை உருளையாக வாங்கிப் பதுக்கியது. விலை ஏறி ஏறி 1964 அளவில் ஒரு காசு 30 டொலர் வரை போனது. பிறகு விழுந்தது. சாதாரணத் தரத்துப் புதுக் காசு இன்றுவரை அந்த விலைக்குத் திரும்பவில்லை. இத்தனைக்கும் அன்றைய 30 டொலருக்கு வாங்கக்கூடியதை இன்று 30 டொலருக்கு வாங்க முடியாது. குறைவாக அடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அடித்ததில் பெரும்பங்கு புழக்கத்துக்கே வராமல் பெட்டிக்குள் போனதால், மினுக்கம் குறையாத காசு எல்லோரிடமும் மிஞ்சிவிட்டது.

அடித்த எண்ணிக்கையை விட மிஞ்சிய எண்ணிக்கைதான் காசின் விலையைத் தீர்மானிக்கிறது. எல்லோரும் சேர்க்கிற காசு அரிதாகாது. யாருமே சேர்க்க நினைக்காத காலத்தில் கைமாறி, தேய்ந்து, தொலைந்து, உருக்குப் பாத்திரத்துக்குப் போய், அதற்குப் பிறகும் தப்பியதுதான் அரிதாகும். கீழே சொல்லப்போகிற ஐந்து வழிகளையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, இப்போது சொன்ன மிஞ்சிய எண்ணிக்கை.

இரண்டாவது, தரம். ஒரே ஆண்டு, ஒரே காசு. தலைமயிரின் கோடு தெரிகிற காசுக்கும் முகம் வழுவழுவென்று தேய்ந்த காசுக்கும் விலை பத்து மடங்கு வித்தியாசப்படலாம். வெளிநாட்டில் 1 முதல் 70 வரை எண் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். எங்களுக்கு அந்த எண் தேவையில்லை, ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, விற்க ஆள் உண்டா. வன்னிக்குள் காசு சேர்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். வாங்குகிறவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பார். ஏ9 வீதியால் போய்வருகிற பஸ் காசும், போன இடத்தில் அவர் குறைத்துக் கேட்கிற விலையும் உங்கள் கணக்கில்தான் விழும்.

நான்காவது, வெளியில் தெரியாத செலவு: உறை, ஆல்பம், தபால் காப்புறுதி, போலிக்குக் கொடுத்த பணம். ஐந்தாவது, சட்டம்.

ஆறாவது எங்கள் ஊருக்கே உரியது. தூக்கிக்கொண்டு வெளிக்கிடலாமா? 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வந்தவர்கள், 1996 இல் கிளிநொச்சியை விட்டுப் போனவர்கள், 2008 தொடங்கி 2009 மே வரை ஒவ்வொரு தறப்பாளாக அடித்துப் பிடுங்கி நகர்ந்தவர்கள். இந்தச் சனத்துக்கு ஒரு சேகரிப்பு எவ்வளவு பாரம், எவ்வளவு இடம் என்பது சின்னக் கேள்வி இல்லை. வன்னியில் பழைய வீட்டுச் சாமான் குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். ஆல்பம் ஆல்பமாகப் பழைய நோட்டு வைத்திருந்தவர்களின் சேகரிப்பைக் கறையானும் மழையும் தின்றுவிட்டன. புதைத்துவிட்டுப் போன செம்புக் காசு பச்சை பிடித்தாலும் கிடந்தது. நோட்டை இந்த ஒப்பீட்டிலிருந்து விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

## 1. நினைவுக் காசும் மாவட்டத் தொகுதியும்

இப்போது மவுசு கூடியது இதுதான். 2013 ஆம் ஆண்டு பொறித்து மத்திய வங்கி வெளியிட்ட 10 ரூபாக் காசுகள், மாவட்டத்துக்கு ஒன்றாக 25. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அதில் உண்டு. தன் மாவட்டத்துப் பெயர் போட்ட காசைக் கையில் எடுக்கிறபோது வருகிற சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

இதற்கு முன்னாலும் பின்னாலும் வந்தவை நிறைய. 1976 அணிசேரா மாநாட்டுக்கு 2 ரூபாவும் 5 ரூபாவும், 1981 இல் சர்வசன வாக்குரிமையின் 50 ஆவது ஆண்டுக்கு 5 ரூபா, 1995 இல் ஐக்கிய நாடுகளின் 50 ஆவது ஆண்டுக்கு 5 ரூபா, 1998 இல் சுதந்திரத்தின் 50 ஆவது ஆண்டுக்கு இரண்டு உலோகத்தில் 10 ரூபா, மத்திய வங்கியின் 70 ஆவது ஆண்டுக்கு 20 ரூபா. இவற்றில் பல, கடைக்காரர் மிச்சம் தரும்போது கையில் வந்து விழுந்தவை.

இவை எல்லாமே சேர்க்கச் சொல்லி வெளியிட்ட காசு. சேர்க்கச் சொன்னால் சனம் சேர்க்கும், சேர்த்தால் மிஞ்சும். அமெரிக்கா 1999 முதல் 2008 வரை மாநிலத்துக்கு ஒன்றாக 50 கால் டொலர் காசு வெளியிட்டது. நாடே சேர்த்தது. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றின் விலை அதே கால் டொலர்தான். மாவட்டக் காசும் அந்த வழிக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். 2025 இல் மத்திய வங்கியின் 75 ஆவது ஆண்டுக்கு வந்த 2,000 ரூபா நோட்டையும் இதே கணக்கில் பாருங்கள். விசேஷ நோட்டு என்றார்கள், அடிக்கத் தீர்மானித்தது 5 கோடி.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, முகப்பெறுமதிக்கு மேல் கொடுக்கிற விலை. 25 காசின் முகப்பெறுமதி 250 ரூபா. அட்டையில் குத்தி, பிளாஸ்டிக் போட்டு, பல மடங்குக்கு விற்கிறவரிடம் நீங்கள் வாங்குவது அந்த அட்டையைத்தான். மற்றது துரு. 2005 இல் தொடங்கிச் சில ஆண்டுகள் வந்த 1 ரூபாவும் 5 ரூபாவும் எஃகின் மேல் பித்தளை பூசியவை. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மாரி மழைக்கு உள்ளே துருப்பிடித்துச் செம்மண் நிறப் புள்ளி கிளம்பும். அதற்குப் பிறகு அந்தக் காசுக்கு மருந்தில்லை.

வெள்ளியில் அடித்த நினைவுக் காசு வேறு சாதி. 1957 இல் புத்த ஜயந்திக்கு வந்த 5 ரூபா வெள்ளிக் காசு, மவுசு போனாலும் வெள்ளி விலை தாங்கிப் பிடிக்கும். அதே ஆண்டு அதே நிகழ்வுக்கு வந்த 1 ரூபாவுக்கு அந்தப் பிடிமானம் இல்லை. ஆனால் அதற்கென்று ஒரு கதை உண்டு, அடுத்த பகுதியில் வரும்.

எப்போது இதைத் தெரிவுசெய்யலாம்: பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொடங்குகிறபோது. முகப்பெறுமதிக்குக் கிடைக்கிறபோது. வேறு எப்போதும் வேண்டாம்.

## 2. விக்டோரியாவிலிருந்து ஆறாம் ஜோர்ஜ் வரை: பழைய சதங்கள்

என் பக்கச்சார்பை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது இதுதான்.

இலங்கை ரூபாவையும் நூறு சதத்தையும் 1872 முதல் கணக்காக்கியது. அதற்கென்று 1870 ஆம் ஆண்டு பொறித்த செம்புக் காசுகள் வந்தன: கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி, மறுபக்கம் பனையினத்து மரம் ஒன்று. 1870 ஐந்து சதம் செம்பில் கனமான பெரிய காசு. 1909 இல் அதே ஐந்து சதம் மூலை மழுங்கிய சதுரமாகி, வெண்ணிற உலோகத்துக்கு மாறிவிட்டது. கண் தெரியாத கிழவியும் தடவிப் பார்த்து எடுக்கக்கூடிய காசு. பத்துச் சதம், இருபத்தைந்து சதம், ஐம்பது சதம் 1892 முதல் வெள்ளியில் வந்தன. முதலில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, 1919 முதல் 550 பங்கு. இரண்டாம் உலகப் போர் வந்ததும் வெள்ளியை நிறுத்தி 1943 இல் பித்தளை நிறத்துக்குப் போனார்கள். 1942 இல் ஒரு சதத்தையே மெலிதாக்கிவிட்டார்கள். ஒரு காசுத் தட்டை வரிசையாக அடுக்கினால் உலகப் போர் எங்கே தொடங்கியது என்று விரலால் தொட்டுச் சொல்லலாம்.

இந்தக் காலம் முழுவதும் இலங்கைக்கென்று ஒரு ரூபாக் காசு அடிக்கப்படவில்லை. முதன்முதல் ஒரு ரூபாக் காசு வந்தது 1957 புத்த ஜயந்திக்குத்தான். வழக்கமான புழக்கத்துக்கு வந்தது 1963 இல். அதற்கு முன் இங்கே ஓடியது இந்திய வெள்ளி ரூபா. ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட இந்திய ரூபா வன்னி வீடுகளில் கிடைப்பதைப் பார்த்து, யாரோ தலைமன்னார் வழியாகக் கள்ளமாகக் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். அது அன்றைக்குச் செல்லுபடியான காசு. 11.66 கிராம் எடை, 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான் வெள்ளி, 1947 இல் வந்தது வெறும் நிக்கல். ஆண்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் "வெள்ளி ரூபா" என்று ஒரே விலை சொல்கிறவரிடம் கவனம்.

இவற்றை அந்தக் காலத்தில் யாரும் சேர்க்கவில்லை. கமத்துக்கும் கடைக்கும் ஓடின. தேய்ந்தன. போருக்குப் பிறகு பழைய இரும்புக் கடைகளில் செம்பு, பித்தளை என்று கிலோக் கணக்கில் போனதில் எத்தனை விக்டோரியா போனதோ. அதனால் நல்ல நிலையில் மிஞ்சியது குறைவு. தேய்ந்த ஒரு சதம் இன்றும் மலிவாகக் கிடைக்கும். எழுத்தும் இலையும் தெளிவாகத் தெரிகிற காசு வேண்டுமென்றால்தான் தேடலே தொடங்குகிறது. மவுசு வந்தாலும் போனாலும் இலங்கைக் காசின் ஆண்டு வரிசையை நிரப்ப ஒருவர் எப்போதும் இருப்பார், கொழும்பில் இல்லாவிட்டால் லண்டனில்.

இந்த வழியில் மறைந்த செலவு எல்லாம் அறியாமையில்தான் இருக்கிறது, முக்கியமாகப் புளியில். எங்கள் வீடுகளில் பழங்காசு கண்டால் முதல் வேலை புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது கொலை. எண்பது, நூறு வருஷமாகச் செம்பின் மேல் மெல்லப் படிந்த கபில நிறப் படலத்தைப் புளியின் அமிலம் ஒரு நிமிடத்தில் கரைத்துவிடும். கீழே தெரிகிற தோல் ஒருவித இளஞ்சிவப்பாக இருக்கும், உருப்பெருக்கியில் பார்த்தால் சாம்பல் இழுத்த கோடுகள் ஒரே திசையில் ஓடும். நாலு மாதத்தில் அது திட்டுத்திட்டாகக் கறுக்கும். தெரிந்தவர் எவரும் அந்தக் காசுக்கு நல்ல விலை தரமாட்டார். மண் ஒட்டியிருந்தால் பெற்றோல் செட்டில் விற்கிற பற்றரித் தண்ணீரில் (அசிட் வாங்கிவிட வேண்டாம்) இரண்டு நாள் ஊறப்போட்டு, தேய்க்காமல் பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள். பச்சை வழுவழுப்பாக இறுகியிருந்தால் விட்டுவிடலாம். வெளிர்பச்சையில் மாவாக உதிர்ந்தால் அது உப்பு அரிக்கிற நோய், அந்தக் காசை மற்றக் காசுகளிலிருந்து பிரித்து வையுங்கள்.

அடுத்தது உறை. மென்மையாக வளைகிற மலிவுப் பிளாஸ்டிக் உறைகள் எங்கள் வெக்கைக்கு ஒரு பச்சைப் பசையைக் கக்கும், அது செம்பை அரிக்கும். கடினமான, கரகரவென்று சத்தம் போடுகிற தெளிந்த உறையும் அட்டைச் சட்டமும் பாதுகாப்பு. விலை சற்றுக் கூட. அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேருங்கள்.

போலி? இலங்கைச் சதத்துக்குப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. கிழக்கிந்தியக் கம்பனிக் காசு என்று வருவதில்தான் கூத்து. 1818 என்று ஆண்டு போட்டு, ஒரு பக்கம் இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ இருக்கிற "அரை அணா" உங்களுக்கும் யாராவது காட்டியிருப்பார்கள். கம்பனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது பின்னாளில் செய்த வில்லை. அதையே அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் காசு என்று இலட்சக்கணக்கில் விலை பேசுகிறவர்கள் கள்ளர்கள், அவ்வளவுதான்.

எப்போது இதைத் தெரிவுசெய்யலாம்: மாதம் சிறு தொகை, ஆனால் ஆண்டுக்கணக்கில் பொறுமை இருக்கிறபோது. வீட்டில் ஏற்கெனவே நாலு காசு இருக்கிறபோது. ஒரு ஷொப்பிங் பையின் மூலைக்குள் முழுச் சேகரிப்பும் அடங்க வேண்டும் என்றாலும் இதுதான்.

## 3. மண்ணுக்குள்ளிருந்து வந்த காசு

ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசு, ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் இருந்தபடி அரசன், பக்கத்தில் நாகரி எழுத்து. நந்தியும் "சேது" என்ற தமிழ் எழுத்தும் போட்ட, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. விரல்நுனி அளவு உரோமச் செப்புக் காசு. ஒல்லாந்தரின் கம்பனி முத்திரை போட்ட துட்டு. வன்னியும் மன்னாரும் சேர்ந்த இந்த மண்ணில் இவை வந்து விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. மாந்தைத் துறைமுகத்துக்கு வந்துபோகாத கப்பல் இல்லை என்கிற அளவுக்கு அது பெரிய துறை.

மதிப்பு என்று பார்த்தால் ஆயிரம் வருஷம் தாங்கிய மதிப்பு. ஆனால் விலை? ராஜராஜன் காசு ஏராளமாக மிஞ்சியிருக்கிறது, உலகச் சந்தையில் அது மலிவான பழங்காசுகளில் ஒன்று. பழமையும் அருமையும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சட்டம் இன்னும் கறார். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கிற தொல்பொருள் அரசின் சொத்து. அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம், அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவதும் குற்றம். ஒல்லாந்தர் துட்டு ஒன்றைக் கனடாவுக்குத் தபாலில் போடுகிறவருக்கும் இது பொருந்தும். வன்னியில் புதையல் தோண்டப்போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. தொல்லியல் என்ற சொல்லே எங்கள் பக்கத்தில் காணிப் பிரச்சினையோடு சேர்ந்து வருவதால் சிலருக்குச் சட்டத்தின் மேலேயே கோபம். கோபம் நியாயமாக இருக்கலாம். கைவிலங்கு அதைக் கேட்காது.

இன்னொன்று. மாந்தையில் 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழ்வு நடந்தது, 1984 இல் போர்ச் சூழலால் நின்றது. அப்படியான அகழ்வில் ஒரு காசு எந்த மண்படையில், எந்த ஓட்டோடு கிடந்தது என்பதுதான் சரித்திரம். பிடுங்கி எடுத்து விற்ற காசுக்கு வாய் இல்லை.

எப்போது இதைத் தெரிவுசெய்யலாம்: வாங்குவதற்கு என்றால் வேண்டாம். கொழும்பு சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையில் போய்ப் பார்க்கலாம். தோட்டத்தில் கிணறு வெட்டும்போது வந்தால் அறிவித்துவிடுங்கள்.

## 4. பவுண் காசு

இது சேகரிப்பா, சேமிப்பா? வன்னியில் கேட்டால் சேமிப்பு என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு 8 கிராம் தங்கத்துக்கே பவுண் என்றுதான் பெயர், அந்தப் பெயர் வந்தது ஆங்கிலேயரின் பவுண் காசிலிருந்து. அசல் காசு 7.98 கிராம், 22 கரட், அதற்குள் சுத்தத் தங்கம் 7.32 கிராம், விட்டம் 22 மில்லிமீற்றர். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றும் அளவுகோலும் இருந்தால் பாதிப் போலியை வீட்டிலேயே பிடிக்கலாம்.

விற்க ஆள் இல்லை என்ற பிரச்சினை இங்கே கிடையாது. எந்த நகைக்கடையும் வாங்கும், எந்த வங்கியும் அடைவு பிடிக்கும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, ரூபாவில் சேமித்தவர் கையைப் பிசைந்தார், பவுண் வைத்திருந்தவருக்கு அந்த அடி படவில்லை. மாவட்டக் காசோ சதமோ இந்த வேலையைச் செய்யாது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2009 இல் போரின் கடைசி மாதங்களில் தங்கச் சங்கிலி அரிசிக்கும் மாவுக்கும் கைமாறியதை இங்கே எல்லோரும் அறிவார்கள். வாங்க ஒருவர் இருக்கும்வரைதான் தங்கமும் தங்கம்.

காசாக வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை சில. தாலிக்கொடியில் கோக்க வளையம் ஒட்டிய பவுணுக்குச் சேகரிப்பு விலை கிடையாது, தங்க விலை மட்டும். வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் இடையில் கடைக்காரர் வைக்கிற இடைவெளியை முதலே கேளுங்கள். அடைவு வைத்தால் வட்டி. வீட்டில் வைத்தால் கள்ளர் பயம், வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் வாடகை. இந்தச் சிறு சிறு செலவுகள் பத்து வருஷத்தில் ஒரு பவுணின் நல்ல பங்கைத் தின்றுவிடும்.

சேகரிப்பு மதிப்பும் சேர்ந்து வருகிற பவுண் சில உண்டு. 1918 இல் ஒரே ஓர் ஆண்டு பம்பாயிலும் பவுண் அடித்தார்கள். குதிரையில் இருக்கிற ஜோர்ஜ் முனிவருக்குக் கீழே, ஆண்டு எண்ணுக்கு மேலே, தரையில் மிகச் சிறிதாக இந்தியாவைக் குறிக்கும் "I" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அம்மம்மாவின் பவுணை உருக்கக் கொடுக்கும் முன் அந்த இடத்தை ஒருமுறை கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எப்போது இதைத் தெரிவுசெய்யலாம்: அந்தப் பணம் அவசரத்துக்கு வேண்டிவரலாம் என்றால். பெண்பிள்ளையின் கலியாணத்துக்குச் சேர்க்கிறீர்கள் என்றால்.

## 5. சித்தப்பாவின் 50 பென்ஸ்

வெளிநாட்டுச் சில்லறை வன்னியில் இல்லாத வீடு குறைவு. விமான நிலையத்தில் மிஞ்சியது, பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தது. இதில் பெரும்பாலானதற்கு இங்கே ஒரு பெறுமதியும் இல்லை. வங்கியில் நோட்டு மாற்றுவார்கள், காசு மாற்றமாட்டார்கள்.

ஆனாலும் வீசவேண்டாம். பிரித்தானியாவில் 2009 இல் வந்த கியூ பூங்கா 50 பென்ஸ், சீனக் கோபுரம் ஒன்றும் அதைச் சுற்றிய கொடியும் போட்டது, 2,10,000 மட்டுமே புழக்கத்துக்கு விட்டார்கள். 2023 இல் வந்த மூன்றாம் சார்ள்ஸின் சல்மன் மீன் 50 பென்ஸ் 2,00,000. இரண்டுக்கும் அங்கே நல்ல மவுசு, முகப்பெறுமதியைப் போல் பல மடங்கு கொடுப்பார்கள். கியூ காசில் ஆண்டைப் பாருங்கள்: அதே படத்தை 2019 இல் சேகரிப்பாளர் தொகுதிக்காகத் திரும்பவும் அடித்தார்கள். இவை விலைபோவது லண்டனில். அடுத்தமுறை வருகிற சித்தப்பாவிடமே கொடுத்து விற்கச் சொல்வதுதான் வழி. விலை விழுந்தாலும் 50 பென்ஸ் 50 பென்ஸாகவே இருக்கும், அது ஒரு நல்ல காப்பு.

"நிறுத்திய காசு, இனி வராது" என்ற கதைக்கு மயங்கவேண்டாம். கனடா ஒரு சதத்தை விநியோகிப்பதை 2013 பெப்ரவரியில் நிறுத்தியது. அங்கே வீட்டுக்கு வீடு போத்தல் நிறைய அது கிடக்கிறது. பிரெஞ்சு பிராங்க் காசை மாற்றும் கெடு 2005 பெப்ரவரியோடும், நோட்டை மாற்றும் கெடு 2012 பெப்ரவரியோடும் முடிந்துவிட்டது. ஜெர்மன் மார்க்குக்குக் கெடுவே இல்லை, இன்றும் அந்நாட்டு மத்திய வங்கி மாற்றித் தரும். லாச்சிக்குள் மார்க் கிடந்தால் அதைக் காசாகச் சேர்க்காமல் பணமாக மாற்றுங்கள்.

இந்தியப் பக்கத்திலிருந்து வருகிற யூடியூப் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வைஷ்ணோதேவி படம் போட்ட 5 ரூபா இலட்சம் போகும், 786 இலக்க நோட்டு கோடி போகும் என்பார்கள். முன்பணமாக வரி, பதிவுக் கட்டணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஓகஸ்டில் எச்சரித்தது. காசு வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே தொடர்பை வெட்டுங்கள்.

எப்போது இதைத் தெரிவுசெய்யலாம்: செலவே இல்லாமல் கைக்கு வருகிறபோது.

## ஒரே பார்வையில்

| வழி | இன்றைய மவுசு | நெடுங்கால மதிப்பு | மறைந்த செலவு | வன்னியிலிருந்து விற்பது |
|---|---|---|---|---|
| நினைவுக் காசு, மாவட்டத் தொகுதி | மிகக் கூட | குறைவு (வெள்ளி தவிர) | முகப்பெறுமதிக்கு மேல் கொடுத்த விலை, துரு | சுலபம், இலாபம் இல்லை |
| பழைய இலங்கைச் சதங்கள் | மட்டு | நல்ல தரத்துக்குக் கூட | நல்ல உறை, கெட்ட சுத்தம் | மெதுவாக, கொழும்பு வழியாக |
| மண்ணிலிருந்து வந்தவை | ஏறி இறங்கும் | சரித்திரத்துக்கு உண்டு, பைக்கு இல்லை | வழக்கு, போலி | சட்டச் சிக்கல் |
| பவுண் காசு | என்றும் உண்டு | தங்க விலையோடு | இடைவெளி, வட்டி, களவு | அன்றைக்கே |
| வெளிநாட்டுச் சில்லறை | ஓரிரு காசுக்கு மட்டும் | குறைவு | காத்திருப்பு | அந்தந்த நாட்டில்தான் |

## சரி, மாதம் ஐயாயிரம் இருக்கிறவர் என்ன செய்யலாம்

அது திரும்ப எடுக்க வேண்டிவரும் பணமா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் அதைச் சேகரிப்பில் போடாதீர்கள். சேர்த்துவைத்துப் பவுண் வாங்குங்கள், காசு சேர்ப்பது என்ற பேச்சையே தனியாக வையுங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குழப்புகிறவர்தான் தேய்ந்த சதத்தை "முதலீடு" என்று வாங்குகிறார், அருமையான பவுணை அவசரத்துக்கு உருக்குகிறார்.

இழந்தாலும் பரவாயில்லை என்ற பணம் என்றால், ஐயாயிரம் முழுவதையும் மாதாமாதம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் பொறுத்து, தெளிவான எழுத்துள்ள ஒரே ஒரு விக்டோரியா ஐந்து சதம் வாங்குவது, அதே பணத்துக்கு முப்பது தேய்ந்த காசு வாங்குவதை விட நல்லது. வாங்கிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பியில் ஆண்டு, எடை, யாரிடம், என்ன விலை என்று எழுதுங்கள். அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தவைக்கு விலை என்ற இடத்தில் அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு அதைத் தூக்கிவந்தார் என்று கேட்டு எழுதுங்கள். வாங்குகிறவருக்கும் அந்த வரி பயன்படும், ஏனென்றால் ஒரே வீட்டில் இருந்து வந்த காசு என்று தெரிந்தால் போலிப் பயம் குறையும்.

மாவட்டக் காசை முகநூலில் வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த பஸ் நடத்துனர் ஒருவரிடமும் சந்தையில் மரக்கறி விற்கிற அக்கா ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். பத்து ரூபாவுக்குப் பத்து ரூபா கொடுத்து மாற்றலாம். முல்லைத்தீவுக் காசு கிடைக்கிறதோ இல்லையோ, அம்பாந்தோட்டைக் காசு நாலு கட்டாயம் வரும். அவற்றைத் திரும்பச் செலவழித்துவிடுங்கள்.